கெமரா எத்தனை மணிக்குக் கட்டாகிறது?

வீட்டில் பூட்டிய கெமரா அடிக்கடி வைஃபையை விட்டுப் போகிறது என்றால் நம் பக்கத்தில் வழக்கமாக நடப்பவை இரண்டு. முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். அதற்கும் சரிவராவிட்டால் கெமராவைக் குறை சொல்லி வேறொன்று வாங்குகிறோம். முதலாவது கோளாறை ஒரு நாளைக்கு மறைக்கும். இரண்டாவது காசைக் கரைக்கும். புதுக் கெமராவும் அதே மதிலில், அதே வயரில், அதே ரவுட்டரை நம்பித் தொங்கப் போகிறது என்றால் அதுவும் சில நாட்களில் அதே வேலையைத்தான் செய்யும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றே: கருவியைத் தொடுவதற்கு முன்பு நேரத்தைப் பாருங்கள். கெமரா எத்தனை மணிக்குப் போகிறது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, தானாக வருகிறதா அல்லது யாராவது பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் விடை இருந்தால், காரணத்தைப் பெரும்பாலும் ஏணியில் ஏறாமலே கண்டுபிடித்துவிடலாம்.

தோஹாவிலோ ரியாத்திலோ இருக்கும் மகனுக்குச் செயலி காட்டுவது ‘ஓஃப்லைன்’ என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. கெமராவுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். மின்சாரம் இருந்தும் ரவுட்டரோடு உள்ள வைஃபைத் தொடர்பு அறுந்திருக்கலாம். வைஃபை நன்றாக இருந்தும் வீட்டு இணையம் வெளியே போகாமல் இருக்கலாம். இந்தக் கெமராக்கள் தயாரிப்பு நிறுவனத்தின் சேர்வரை நம்பியே வெளிநாட்டுப் போனோடு தொடர்பு கொள்வதால், அங்கிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். வீட்டில் இருப்பவர் பிரித்தறிய இரண்டு நிமிடம் போதும். கெமராவில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும். போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் கெமரா இருக்கிறதா என்று பார்க்கட்டும். விளக்கு இல்லையென்றால் மின்சாரப் பிரச்சினை. விளக்கு எரிகிறது, போனில் இணையம் வருகிறது, பட்டியலில் மட்டும் கெமரா இல்லையென்றால் அது வைஃபை. கெமரா பட்டியலில் இருக்கிறது, ஆனால் போனிலும் எதுவும் திறக்கவில்லை என்றால் குற்றம் லைனில். கெமராவுக்குள் மெமரி கார்ட் இருந்தால் அது நான்காவது சாட்சி: தொடர்ச்சியாகப் பதியும்படி வைத்திருக்கும் கார்ட்டில், தொடர்பு இல்லாத நேரத்துக்கும் காட்சி இருந்தால் மின்சாரம் நிற்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

‘யார் இதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பது?’ என்று கேட்பீர்கள். எழுதத் தேவையில்லை, பெரும்பாலான செயலிகள் கெமரா போனதும் வந்ததும் அறிவிப்பு அனுப்பும், அதை நிறுத்தி வைத்திருந்தால் திறந்து விடுங்கள். ரவுட்டர்கள் பலவற்றில் நிகழ்வுப் பதிவு இருக்கும். ஒரு வாரத்து அறிவிப்புகளை வரிசையாகப் பார்த்தாலே ஒரு ஒழுங்கு புலப்படும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: அறிவிப்பில் இருப்பது அதைப் பெறும் போனின் நேரம். கத்தாரும் சவூதியும் இலங்கைக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. அங்கே மாலை 6.30க்கு வந்த அறிவிப்பு இங்கே இரவு 9 மணிக்கு நடந்தது. டுபாய் என்றால் ஒன்றரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். இந்தக் கணக்கை விட்டுவிட்டால் இனிச் சொல்லப் போவது எதுவும் பொருந்தாது.

அதிகமாகக் கேட்கப்படும் முறைப்பாடு, ‘பகலில் நல்லாத்தான் வேலை செய்யுது, இரவில்தான் போகுது’ என்பது. இரவு என்று பொதுவாகச் சொல்வது போதாது. மஃரிபோடு போகிறதா, இஷாவுக்குப் பிறகு போகிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு. மஃரிப் பாங்கை ஒட்டி இருள் விழும்போது கெமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்குகள்தான் இருட்டில் படத்தைத் தருகின்றன. அவைதான் கெமராவின் மின்தேவையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துகின்றன. சிறிய கெமராக்கள் பல 5 வோல்ட்டில் இயங்குபவை. பெட்டிக்குள் வரும் வயர் கேற் வரை எட்டாததால், கடையில் மெல்லிய நீட்டு வயர் ஒன்றை வாங்கி ஒட்டுகிறோம். அத்தகைய மெல்லிய செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.2 ஓம். 5 மீற்றர் வயரில் மின்சாரம் போயும் வந்தும் 10 மீற்றர் கடக்கிறது. அதாவது 2 ஓம். பகலில் கெமரா 0.25 அம்பியர் எடுத்தால் வயரில் இழப்பு அரை வோல்ட், கெமராவுக்கு 4.5 வோல்ட் கிடைக்கிறது, சமாளித்துக்கொள்ளும். இரவில் 0.6 அம்பியர் எடுத்தால் இழப்பு 1.2 வோல்ட், மிஞ்சுவது 3.8. அந்த அழுத்தத்தில் கெமரா அணைந்து மீண்டும் எழும்பும், எழும்பியதும் விளக்கைப் போடும், மறுபடி அணையும். செயலி இதைத்தான் ‘வைஃபை போய்விட்டது’ என்று அறிவிக்கிறது. சோதிக்க ஒரே ஒரு இரவு போதும்: செயலியில் இரவுப் பார்வையை நிறுத்தி வையுங்கள். அன்றிரவு கெமரா போகவில்லை என்றால் ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீட்டு வயரைக் கழற்றிவிட்டு, அடப்டரைக் கெமராவுக்கு அருகில், மழை படாத இடத்தில் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் தடித்த செப்பு வயர் போடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் 12 வோல்ட் கெமராவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதே வேலைக்கு அது குறைந்த அம்பியர் எடுப்பதால் வயரில் இழப்பும் குறைவு.

மாலையில் ஊரில் வோல்ட்டேஜ் இறங்குவதால்தான் இப்படி நடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இந்த விளக்கத்தை ஏற்பது கடினம். அடப்டரின் மேல் சிறிய எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 230 வோல்ட் 200க்கு இறங்கினாலும் அது வெளியே கொடுக்கும் 5 வோல்ட் மாறாது. மாலையில் ஃபேன் மெதுவாகச் சுற்றலாம், கெமராவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பழுதான அடப்டர் வேறு கதை. வெளிச்சுவரில் கடற்காற்று படும் பிளக்கில் வருடக்கணக்காக இருந்த அடப்டர் தன் பெட்டியில் எழுதியிருக்கும் அம்பியரைத் தராது. அதை மாற்றுவது ஒரு கெமராவை மாற்றுவதைவிட மிக மலிவு.

இஷாவுக்குப் பிறகு, ஏறத்தாழ 8 மணியிலிருந்து 11 மணி வரை மட்டும் போய்ப்போய் வருகிறது என்றால் காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று இந்தக் கரையோர ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் பிரதான வீதியின் இரு பக்கமும் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. மதிலோடு மதில் ஒட்டிய வளவுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரவுட்டர். நம் கெமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். அந்த அலைவரிசையில் 13 சனல்கள் இருப்பதாகத் தெரிந்தாலும் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். 3, 4, 8 என்று இடையில் நிற்பவை மற்றதின் பேச்சை இரைச்சலாக மட்டுமே கேட்கும். குறுகிய ஒழுங்கைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஓட்டோ நுழைந்தது போல இரண்டும் முடங்கும். தெருவில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் இந்த நெரிசல் உச்சத்துக்கு வருகிறது. நோன்பு மாதத்தில் இதே நெரிசல் தராவீஹுக்குப் பிறகு தொடங்கி சஹர் வரைக்கும் நகர்ந்தால், காரணம் நெரிசல்தான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அகச்சிவப்பு விளக்குக்கு நோன்பு தெரியாது, அது எந்த மாதத்திலும் மஃரிபோடுதான் எரியும்.

இதற்கு மருந்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. போனில் வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, கெமரா இருக்கும் இடத்தில் நின்று, இரவு 9 மணிக்கு எந்தச் சனலில் எத்தனை வலைகள் பலமாகத் தெரிகின்றன என்று பாருங்கள். 1, 6, 11 மூன்றில் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுத்து ரவுட்டரில் நிரந்தரமாக வையுங்கள். ‘ஓட்டோ’ என்று விட்டுவிடாதீர்கள். தானாகச் சனல் மாறும் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கருவிகளும் விடுபட்டுத் திரும்பச் சேர வேண்டும். போன் இதை ஒரு கணத்தில் செய்துவிடும், மலிவான கெமரா தடுமாறும். சனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்குக் குறையுங்கள். வேகம் சற்றுக் குறையும், உறுதி கூடும், கெமராவுக்குத் தேவை உறுதிதான். 2.4க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பெயர்களைப் பிரித்துவிடுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கெமராக்கள் சேரமாட்டா. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வைப்பது பொருத்தம்.

சனலைச் சரிசெய்தும் அதே நேரத்தில் படம் உறைகிறது, ஆனால் ரவுட்டர் பட்டியலில் கெமரா இருந்துகொண்டே இருக்கிறது என்றால் பார்க்க வேண்டியது இணையத்தின் மேலேற்றும் வேகத்தை. நாம் பாவிக்கும் பக்கேஜுகளில் பெரிதாக எழுதியிருப்பது இறக்கும் வேகம், கெமராவோ மேலேற்றுகிறது. 1080 தரக் காட்சிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மெகாபிட் வேண்டும். பழைய செம்புக் கம்பி ஏடிஎஸ்எல் லைனில் மேலேற்றும் வேகமே 1 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. அதில் மூன்று கெமராவைத் தொங்கவிட்டால் எதுவும் ஒழுங்காக வராது. 4ஜி ரவுட்டரில் கோபுரத்தை ஊரே பங்கிடுகிறது. இங்கே இரவு 9 மணி, தோஹாவில் மாலை 6.30, வேலை முடித்து அறைக்கு வந்து வீட்டைப் பார்ப்பதற்கு அவர்கள் செயலியைத் திறக்கும் நேரமும், இங்கே கோபுரம் நிரம்பும் நேரமும் ஒன்றாகவே விழுகின்றன. டேட்டாவின் கணக்கையும் பாருங்கள்: விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட். செயலியைத் திறந்து வைத்துவிட்டு எட்டு மணித்தியாலம் உறங்கினால் 3.6 கிகாபைட் போய்விடும். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் கெமரா போகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மீதி டேட்டாவை. படத்தின் தரத்தை ஒரு படி குறையுங்கள், எச்.265 என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், முழு நேரப் பதிவை மெமரி கார்ட்டுக்கு விட்டுவிட்டு இணையத்தைப் பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள்.

மூன்றாவது வகை, கரண்ட் போய் வந்தபின் திரும்பாத கெமரா. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் நாடு முழுக்க இருண்டது. அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் வெட்டு வந்தது. கரண்ட் திரும்பும்போது கெமரா அரை நிமிடத்தில் எழும்பிவிடுகிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கின்றன. நல்ல கெமரா விடாமல் தேடிக்கொண்டிருக்கும்; சில கெமராக்கள் சில தடவை தேடிவிட்டு நின்றுவிடும். பிறகு யாராவது பிளக்கைக் கழற்றி மாட்டும்வரை அது வராது. இதற்கு அடையாளம் இன்னொன்றும் உண்டு: இந்தக் கெமராக்கள் நேரத்தை இணையத்திலிருந்துதான் பெறுகின்றன, ஆகவே இணையம் வருமுன் பதிந்த காட்சிகளில் 1970 ஜனவரி 1 என்ற திகதி விழக்கூடும். கார்ட்டில் அந்தத் திகதியைக் கண்டால் காரணம் இதுதான். தீர்வு சிறிய மினி யூபிஎஸ். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இரண்டுக்குமே வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. வாங்கும்போது ரவுட்டர் கேட்கும் வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் வரும்போது எல்லா ரவுட்டர்களும் ஒன்றாகவே எழும்பிச் சனல் தேடுவதால், ஓட்டோவில் விட்டவை ஒன்றன்மேல் ஒன்று விழ வாய்ப்பு அதிகம். சனலை நிரந்தரமாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு நியாயம்.

நமது ஊர்களுக்கே உரிய ஒரு பழுதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இராது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது இங்கே வழக்கம். ஒரே வளவில் உம்மாவின் வீடும் மூத்த மகளின் வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. இணையம் ஒன்று, பாவிப்பவர்கள் இரண்டு குடும்பம். உம்மா வீட்டு ரவுட்டரிலிருந்து மகள் வீட்டுக்குக் கேபிள் இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றைப் பூட்டுகிறார்கள். இரண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டும் கருவிகளுக்கு முகவரி வழங்குகின்றன. ஒரே முகவரி இரண்டு கருவிக்குப் போகும், அல்லது கெமரா வெளியே போகும் வழியைத் தவறான ரவுட்டரிடம் கேட்கும். வழங்கிய முகவரிக்கு ஒரு தவணை உண்டு. பல ரவுட்டர்களில் அது 24 மணித்தியாலம், சிலவற்றில் ஒன்றிரண்டு மணித்தியாலம். அதனால் கெமரா கடிகாரம் வைத்தது போல ஒரே இடைவெளியில் போகிறது, எந்த நேரத்தோடும் காலநிலையோடும் பொருந்துவதில்லை. இப்படி ஒழுங்கான இடைவெளி தெரிந்தால் சிக்னலைத் தேடி அலையாதீர்கள். இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபி என்ற முகவரி வழங்கலை நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், கேபிள் அதன் ‘வான்’ துளையில் இருந்தால் எடுத்து ‘லான்’ துளையில் குத்துங்கள். முதல் ரவுட்டரில் ஒவ்வொரு கெமராவுக்கும் ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்கி வையுங்கள். இரண்டு ரவுட்டரின் வைஃபைக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, கெமராவை அருகில் உள்ளதோடு மட்டும் சேருங்கள். ஒரே பெயர் என்றால் கெமரா எழும்பும் நேரத்தில் எது கிடைத்ததோ அதையே பற்றிக்கொண்டு, பலம் குறைந்தாலும் விடாமல் நிற்கும்.

எந்த நேர ஒழுங்கும் இல்லாமல், நாள் முழுவதும் போய்ப்போய் வரும் கெமராவுக்குத்தான் சிக்னல் குறைவு என்ற பெயர் பொருந்தும். சிக்னலை டெசிபல் கணக்கில் பார்க்க வேண்டும். கெமராவின் செயலியில் பெரும்பாலும் காட்டும். கழித்தல் 60க்கு மேல் இருந்தால் நலம், 70 எல்லைக்கோடு, 80க்குக் கீழே போனால் காட்சி நிற்காது. 10 டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிறது என்பதை மனதில் வையுங்கள். ‘என்ட போனில் அந்த இடத்தில் புள்ளி நிறைஞ்சிருக்கே’ என்பது வலுவான எதிர்வாதம் போலத் தோன்றும். ஆனால் போனில் தெரிவது ரவுட்டரின் குரல் போனுக்குக் கேட்கும் அளவு. கெமராவின் மெலிந்த குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எழுந்த வீடுகளில் கொங்கிறீட் தூணும் பீமும் சீமெந்துக் கல்லும் தாராளம்; கல்முனை கிரீன்பீல்ட் போன்ற மாடி வீட்டுத் திட்டங்களில் வீட்டுக்கு வீடு ஸ்லாப். கம்பி வைத்த கொங்கிறீட் ஒன்றே 10 டெசிபலுக்கு மேல் விழுங்கும். தகரக் கூரை, இரும்புக் கேற், இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, நிரம்பிய தண்ணீர்த் தாங்கி எல்லாம் அலைக்குத் தடை. ஆகவே ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல், கெமராவின் பக்கத்துச் சுவர் ஜன்னலுக்கு நேராக வைப்பதே முதல் சிகிச்சை. செலவில்லாத இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் பூஸ்டர் வாங்கக் கூடாது.

பூஸ்டரைப் பற்றி: அதைக் கெமராவுக்குப் பக்கத்தில் மாட்டுவதே இங்கே பொதுவாக நடக்கும் பிழை. அங்கே வரும் சிக்னலே மோசம் என்றால் பூஸ்டரும் அந்த மோசமானதைத்தான் திரும்பச் சொல்லும். அது ரவுட்டருக்கும் கெமராவுக்கும் நடுவில், தனக்கே நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் கேட்டும் பேசியும் வேலை செய்வதால் வேகம் பாதியாகும். ஒரு கெமராவுக்குப் போதும், நான்குக்குப் போதாது. கெமராவையே இடம் மாற்றிச் சிக்னலைச் சரிசெய்ய நினைப்பவர்கள், மாற்றிய இடத்திலிருந்து அது எதைப் பார்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அயல்வீட்டு முற்றமும் பெண்கள் புழங்கும் கிணற்றடியும் அதன் பார்வைக்குள் வந்தால் அந்த இடம் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை மறைக்கும் தெரிவு பல செயலிகளில் உண்டு. சிக்னலுக்காக அயலவரின் மறைவைக் கெடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

மழைக்குச் சிக்னல் போகிறது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக ஊன்றியிருக்கிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றோடு மாரி பெய்யும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வானிலிருந்து விழும் மழை ஒரு பொருட்டே இல்லை. கடும் மழையிலும் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கே இழப்பு ஒரு டெசிபலின் சிறு பின்னம்தான், உங்கள் கேற் 20 மீற்றரில் இருக்கிறது. மழையில் போகும் கெமராவில் பார்க்க வேண்டியது பொருத்துமுனையை. வாலைப் போலத் தொங்கும் வயர்களின் முனையில் தண்ணீர் இறங்குகிறது, அதோடு கடலுப்பும் சேர்ந்து செம்பில் பச்சை படர்கிறது, தடை ஏறுகிறது. கெமராவில் ஐ.பி. 66 அல்லது 67 என்று எழுதியிருப்பது தூசுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே கொடுத்த உறுதி. உப்பு அரிப்பு அந்தச் சோதனையில் இல்லை. பொருத்துமுனைகளைச் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்குங்கள், சிலிக்கன் கிரீஸ் தடவுங்கள், வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வருடத்தில் ஒரு தடவை, மாரிக்கு முன் ஒக்டோபரில் திறந்து பார்த்தால் போதும். இதற்கு நேர்மாறாக, கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் 12 முதல் 3 வரை மட்டும் கெமரா போனால் அது சூடு. தகரத்துக்கு அடியில் வைத்த ரவுட்டரும், உள்வீட்டுக்கென்று செய்த கெமராவை வெளியில் மாட்டியதும் இதற்குக் காரணமாகும். உள்வீட்டுக் கெமராக்கள் பலவற்றின் எல்லை 40 பாகைதான்.

விலை கூடிய கெமரா வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. அவற்றின் அன்டெனா நல்லது, கரண்ட் வந்தபின் விடாமல் தேடும், 5 கிகாஹெர்ட்ஸும் சிலவற்றில் இருக்கும். ஆனால் மெல்லிய நீட்டு வயரையும், இரட்டை முகவரியையும், தீர்ந்த டேட்டாவையும் எந்த விலைக் கெமராவும் வெல்லாது. இன்னொரு ஐயமும் கேட்கப்படுகிறது: கள்வன் வைஃபையை வேண்டுமென்றே அறுக்க முடியுமா? முடியும். கருவிகளை வலையிலிருந்து விலகச் சொல்லும் பொய்ச் செய்தியை அனுப்பும் சிறு கருவிகள் உண்டு. அதைத் தடுக்கும் தரம் 2009இலேயே வந்தும் மலிவான கெமராக்கள் பலவற்றில் அது இல்லை. நாளாந்தம் கட்டாவதற்கு இது காரணமாக இருப்பது அரிது. ஆனால் கேற்றையும் பிரதான வாசலையும் பார்க்கும் கெமராவை வைஃபையில் விடக் கூடாது என்பதற்கு இது போதுமான நியாயம். வெளிக் கெமராக்கள் பலவற்றில் லான் கேபிள் துளை ஏற்கனவே இருக்கிறது, பாவிக்காமல் தொங்கவிட்டிருக்கிறோம். அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை எட்டும்; பிஓஇ கெமராவென்றால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். வெளியில் இழுப்பதற்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளையே வாங்குங்கள், வெள்ளை உறை நம் வெயிலில் வெடித்துவிடும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது வேண்டாம். முழுச் செம்பு என்று உறையில் அச்சடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் சரியானதும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கெமரா பூட்டியவர் வைத்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் உலகின் பெரிய இணையத் தளங்களை முடக்கிய மிராய் தாக்குதல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கெமராக்களையும் ரவுட்டர்களையும் கொண்டே நடத்தப்பட்டது. பிறகு ஒரு தாளில் ரவுட்டரின் முகவரி, தேர்ந்தெடுத்த சனல், ஒவ்வொரு கெமராவுக்கும் ஒதுக்கிய முகவரி, எந்தப் பிளக் எந்தக் கெமராவுக்கு என்ற விபரம் ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி, அலுமாரியின் உட்கதவில் ஒட்டி வையுங்கள். கெமராவைப் பூட்டத் தெரிந்த மகன் பெரும்பாலும் கடல் கடந்து இருக்கிறார். அது நிற்கும் நாளில் வீட்டில் இருப்பது உம்மாவும் தங்கையும்தான். அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே சரிசெய்யும்படி அந்தத் தாளை எழுதுங்கள்.